நீலகிரியில் துணி படிப்பது: கற்பூர மரம், கம்பளி, பூத்துக்குளி

ஆடை வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் ஊட்டிக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்றைத் தேடித்தான் வருகிறார்கள்: நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் பூவேலை. சிவப்பும் கறுப்புமாக ஓடும் அந்தக் கட்டங்களைப் படமெடுத்து, கிராஃப் தாளில் பிரதியெடுத்து, ஊருக்குத் திரும்பி ஒரு ஜாக்கெட்டிலோ கைப்பையிலோ கொண்டுவந்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் தங்கிப்போன அதே மலை, இன்றைய துணி எங்கிருந்து வருகிறது என்பதை முழுவதுமாகச் சொல்லிக் கொடுக்கக்கூடியது. குன்னூர் சாலையோரத்துக் கற்பூர மரம், ஊட்டியில் திபெத்தியர்கள் நடத்தும் ஸ்வெட்டர் கடைகள், சாண்டிநல்லாவின் ஆட்டுப் பண்ணை, அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை என்று எல்லாவற்றுக்கும் துணியோடு உறவு உண்டு. துணியைக் கற்க வருகிறவர் பூவிலிருந்து தொடங்கக் கூடாது, இழையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு நீலகிரி மிகப் பொருத்தமான இடம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் நான்கு கேள்விகள் உண்டு. இழை எது? நூலை எப்படி முறுக்கினார்கள்? நெய்ததா, பின்னியதா? கடைசியில் என்ன பதம் செய்தார்கள்? கடையில் இந்த நான்குக்குமான பெயர்களையும் ஒரே தட்டில் போட்டு விற்கிறார்கள். ரேயான் என்பது இழையின் பெயர்; விஸ்கோஸ் என்பதும் பெரும்பாலும் அதுவே. சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியஸ்டரிலும் உண்டு. ஜார்ஜெட்டின் சொரசொரப்பு, நூலை அளவுக்கு மீறி முறுக்குவதால் வருவது. பனியன் துணி என்றால் பின்னல். அது பருத்தியாகவும் இருக்கலாம், விஸ்கோஸாகவும் இருக்கலாம். “இது சாட்டினா, சில்க்கா?” என்று கேட்பவருக்குச் சரியான பதில் கிடைக்காது. அவர் கேட்டது இரண்டு வெவ்வேறு கேள்விகள்.

இழையிலிருந்தே தொடங்கலாம். நீலகிரியில் அதற்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சி மரம்தான்.

இங்கே யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்தது. பட்டாளத்துக்கும் புதிதாக முளைத்த மலை நகரங்களுக்கும் விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் நட்டார்கள். வாட்டில் எனப்படும் சீகை மரமும் அப்படித்தான் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நடவு குறையவில்லை, பெருகியது. இப்போது காரணம் வேறு. சீகையின் பட்டையில் இருந்து தோல் பதனிடும் டானின் கிடைக்கும். இரண்டின் கட்டையிலிருந்தும் கூழ் கிடைக்கும். அந்தக் கூழிலிருந்து துணி கிடைக்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு நடுவே விரிந்திருந்த புல்வெளிகளை வெறும் தரிசு என்று கணக்கெழுதி, அவற்றின் மேல் இந்த மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள்.

மலையடிவாரத்தில், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில் சிறுமுகை. கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கேதான் 1950களின் இறுதியில் சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை உருவாயிற்று. மலையின் மரம் லாரியில் இறங்கி, அங்கே கூழாகி, விஸ்கோஸ் இழையாகி நூற்பாலைகளுக்குப் போனது. தறிச் சத்தம் கேட்கும் ஒரு ஊரில், பருத்தியும் பட்டும் இல்லாத ஒரு நூலை ரசாயனத்தால் பிறக்கவைத்தார்கள்.

எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரம் என்றாலும் பருத்தி என்றாலும் உள்ளே இருப்பது செல்லுலோஸ்தான். பருத்தியில் அது ஏற்கெனவே நீண்ட இழையாக இருக்கிறது. பறித்து நூற்றால் போதும். மரத்தில் அது குட்டை இழைகளாக, லிக்னின் என்னும் பசையோடு இறுகிக் கிடக்கிறது. லிக்னினை நீக்கி, சுத்தமான செல்லுலோஸ் கூழை எடுத்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பார்கள். பிறகு கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தோடு சேர்ப்பார்கள். அப்போது செல்லுலோஸ் ஆரஞ்சு நிறமான பொருளாக மாறும். அதை மறுபடி காஸ்டிக் கரைசலில் கரைத்தால் தேன் நிறத்தில் ஒரு பாகு வரும். அந்தப் பாகுதான் விஸ்கோஸ். இடியாப்ப நாழியில் மாவைப் பிழிவதுபோல, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட தகட்டின் வழியாக அதைக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பிழிகிறார்கள். அமிலம் பட்டதும் பாகு இறுகி மறுபடி செல்லுலோஸாகிவிடுகிறது. மரத்தில் குட்டையாகக் கிடந்தது இப்போது எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீள இழை. இந்த வழியைக் கிராஸ், பெவன், பீடில் என்ற மூன்று ஆங்கிலேயர்கள் 1892இல் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு நம் ஊர்க் கடைகளில் குவியும் ரேயான் குர்த்தியும் ரேயான் நைட்டியும் அதே வழியில் வந்தவைதான்.

இழையின் குணம் அதன் பிறப்பிலிருந்து வருகிறது. கரைத்து மறுபடி உறையவைத்ததால் விஸ்கோஸுக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் பருத்தியில் உள்ளதுபோல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே தண்ணீர் சுலபமாக உள்ளே புகும். சாயம் ஆழமாகப் பிடிக்கும். துணி வழவழவென்று உடம்போடு விழும். அதே காரணத்தால் நனைந்தால் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் உறுதியாகும். ரேயான் சட்டையை வாளியில் ஊறப்போட்டு முறுக்கிப் பிழிந்து கொடியில் தொங்கவிட்டால் அது நீண்டும் சுருங்கியும் போவது இதனால்தான். துவைப்பவர் மேல் தப்பில்லை.

விலை எங்கே கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். கார்பன் டைசல்பைடு ஆவி நரம்பைத் தாக்கும். ரேயான் ஆலைத் தொழிலாளிகளிடம் இந்தப் பாதிப்பு உலகெங்கும் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். கழிவு நீர் இன்னொரு பக்கம். சிறுமுகை ஆலையின் கழிவு பவானியில் கலந்ததை எதிர்த்துக் கரையோர மக்கள் நீண்ட காலம் போராடினார்கள், வழக்காடினார்கள். 2000களின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம், கோழிக்கோட்டை அடுத்த மாவூரிலும் இதே கதை: மூங்கிலையும் யூகலிப்டஸையும் கூழாக்கிய ஆலை, மாசுபட்ட சாலியாறு, பல ஆண்டுப் போராட்டம், கடைசியில் மூடல். ஆலைகள் போய்விட்டன. மரங்கள் மட்டும் மலையில் நிற்கின்றன, வெட்ட வெட்டத் துளிர்த்துக்கொண்டு. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, ஒரு தீ பட்டால் ஒன்றாக முளைக்கும். புல்வெளியை மீட்க நினைப்பவர்கள் இன்று போராடுவது இந்த விதையோடுதான்.

இங்கே ஒரு சின்ன விலகல். அருவங்காட்டில் 1903இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலைக்கும் செயற்கைப் பட்டுக்கும் நெருங்கிய சொந்தம். கார்டைட் என்பது புகையில்லா வெடிமருந்து; அதன் ஒரு முக்கியக் கூறு, பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் நனைத்தெடுத்த நைட்ரோசெல்லுலோஸ். அதே நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்து இழையாக இழுத்துத்தான் ஷார்தொனே என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கைப் பட்டைச் செய்து 1889 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். நெருப்புக்கு அருகே போக முடியாத பட்டு அது. பிறகு வந்த விஸ்கோஸ் அதை ஓரங்கட்டியது. வெடிமருந்துக்கும் விருந்துக்குப் போடும் உடைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு ரசாயனப் படி.

இப்போது கடை லேபிள்களில் மோடல், லயோசெல், டென்செல் என்ற பெயர்கள் வருகின்றன. மூன்றும் மர இழைகள்தான். மோடல் என்பது விஸ்கோஸையே திருத்தி, நனைந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாதபடி செய்தது. லயோசெல் வழி வேறு: கார்பன் டைசல்பைடு இல்லை, செல்லுலோஸை நேரடியாகக் கரைக்கும் ஒரு கரைப்பானைப் பயன்படுத்தி, அதில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டு மறுபடி உபயோகிக்கிறார்கள். டென்செல் என்பது ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் தன் லயோசெல், மோடல் இழைகளுக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர். வேதியியலைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் மரம் எந்த நிலத்தில் நட்டது, அங்கே முன்பு என்ன இருந்தது என்ற கேள்விக்கு லயோசெல்லும் பதில் சொல்லியாக வேண்டும். “மூங்கில் துணி” என்று விற்பதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மென்மையான மூங்கில் துணியில் பெரும்பகுதி, மூங்கில் கூழில் செய்த சாதா விஸ்கோஸ்.

மரத்தை விட்டு ஆட்டுக்கு வருவோம். ஊட்டிக்கு வருகிறவர்கள் தவறாமல் வாங்குவது ஸ்வெட்டர். “ப்யூர் வுல்” என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அக்ரிலிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது, விலை குறைவு, பூச்சி அரிக்காது, பளிச்சென்று சாயம் ஏறும். குளிரையும் ஓரளவு தாங்கும். அதை வாங்குவது தவறென்று சொல்ல மாட்டேன். கம்பளி விலைக்கு வாங்குவதுதான் தவறு.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. உள் தையலோரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, மெழுகுவத்திச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கம்பளி என்றால் நெருப்பைத் தயங்கித் தயங்கிப் பிடிக்கும், முடி கருகும் நாற்றம் வரும், சுடரை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரியை விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் சடசடவென்று எரிந்து, உருகி, கறுத்த கட்டியாக இறுகும்; நாற்றம் மூக்கைக் குத்தும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகும். பருத்தியும் விஸ்கோஸும் தாள் எரியும் வாசனையோடு சாம்பலாகும். அவை இரண்டையும் பிரிக்க நெருப்பு உதவாது, தண்ணீர்தான் உதவும். நூலின் நடுவில் ஈரம் தொட்டு இழுத்தால் விஸ்கோஸ் அந்த ஈர இடத்திலேயே அறும், பருத்தி வேறு எங்காவது அறும். கலப்பு நூலில் எல்லா அடையாளமும் கலந்தே வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கம்பளிக்கு மலையிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம், நீலகிரி இன ஆட்டைக் காத்துவருகிறது. உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலான வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவான, மெல்லிய ரோமம் தரும் இனம் அது. பழனி மலைப் பக்கம், கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில், ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய ஆட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது. அந்த ரோமத்தை விரலிடுக்கில் எடுத்துப் பார்த்தால் இயற்கையான நெளிவு தெரியும். நெளிவுகளுக்கு நடுவே காற்று தங்கும். அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. ரோமத்தின் மேல் செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டு அலசினால் செதிலோடு செதில் கோத்துத் துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கினாலும் கம்பளி நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனிக்கும் சாரலுக்கும் இதைவிடத் தோதான இழை கிடையாது. உடை தைக்க ஏற்ற ரோமம் தரும் ஆடு தமிழ்நாட்டிலேயே இருக்க, அந்த ரோமத்தை நம் வடிவமைப்பாளர்கள் திரும்பிக்கூடப் பார்க்காதது எனக்கு வருத்தம்.

ஃப்ளீஸ் ஜெர்கினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியஸ்டர் பின்னலை முள் உருளையில் சுரண்டிப் பஞ்சாக்கியது. சீக்கிரம் காயும். தண்ணீர் பாட்டில் எந்தப் பிளாஸ்டிக்கோ அதேதான் இதுவும். பழைய பாட்டிலை உருக்கியும் செய்கிறார்கள். நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. ஆனால் ஃப்ளீஸைத் துவைக்கும் ஒவ்வொரு தடவையும் உதிரும் நுண்ணிழைகள் மலையின் ஓடைகளுக்குத்தான் போகின்றன. அதைப் பற்றி யாரும் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு பூத்துக்குளிக்கு, அதாவது பூவேலை செய்த தோடர் போர்வைக்கு வந்தால் அது வேறு மாதிரி தெரியும்.

தோடர்கள் நெய்வதில்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2000 பேரே உள்ள, எருமையை மையமாக வைத்து வாழ்ந்த மக்கள். பூத்துக்குளிக்கான முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி எப்போதும் சமவெளித் தறியிலிருந்துதான் வந்தது. சிவப்பு, கறுப்புப் பட்டைகள் நெசவிலேயே ஓடியிருக்கும். பட்டைகளுக்கு இடைப்பட்ட வெள்ளையில்தான் பெண்கள் வேலை செய்வார்கள். சட்டம் மாட்டுவதில்லை. பென்சிலால் வரைவதில்லை. துணியைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, இழைகளை விரல் நுனியால் எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியை ஊடை (குறுக்கு நூல்) போகும் திசையிலேயே ஓட்டுகிறார்கள். அடுத்த வரிசையில் ஒரு இழை தள்ளித் தொடங்கினால் சரிவுக் கோடு பிறக்கும். இரண்டு பக்கமும் தள்ளினால் முக்கோணம். மலை, எருமைக் கொம்பு, முயல் காது எல்லாம் இந்த எண்ணிக்கையிலிருந்தே எழுகின்றன. வளைவே இல்லாததற்குக் காரணமும் இதுதான். வடிவத்தைத் தீர்மானிப்பது துணியின் கட்டம். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை முழுக்க இறுக்காமல் துளி தளர்த்தி விடுவார்கள். அந்தத் தளர்ச்சி மேற்பக்கத்தில் சின்னப் புடைப்பாக நின்று, தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியும்.

தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா செய்யும் வேலையை இங்கே ஊசி செய்கிறது. நெய்து முடித்த துணிக்குள் இரண்டாவது தடவை நெய்வதாகவே இதைப் புரிந்துகொள்கிறேன். அதனால்தான் இழையைப் பற்றியும் நெசவைப் பற்றியும் தெரியாமல் பூவை மட்டும் எடுத்துப்போனால் காரியம் ஆகாது. பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் ஓர் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இல்லாத துணியில் முக்கோணம் நசுங்கிப்போகும். நெருக்கமான பாப்ளினில் இழையை எண்ண முடியாது, கண் போய்விடும். பனியன் துணியில் எண்ணுவதற்கு நேர் இழையே இல்லை. வழுக்கும் ரேயானில் தையல் நகர்ந்துவிடும். ஆர்டர் கொடுக்கும் வடிவமைப்பாளர் தனக்குப் பிடித்த துணியை அனுப்பி, “இதில் போட்டுத் தாருங்கள்” என்று கேட்பது பல தடவை நடக்கிறது. துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தைப்பவர் கையில் இருக்க வேண்டும்.

2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, பூம்புகார் என்ற பெயரில் நாம் அறிந்த கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து வாங்கியது. அது பெயரைக் காக்கும்; தோடர் அல்லாத வேலையைத் தோடர் வேலை என்று விற்க முடியாது. ஆனால் சிவப்புக் கறுப்புக் கட்டங்களை அச்சடித்து வேறு பெயரில் விற்பவரை அது சுலபமாகத் தடுத்துவிடாது. அந்த இடைவெளியில் நம் கண்தான் காவல்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரியைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். இயந்திரம் மேல் நூல், பாபின் நூல் என்று இரண்டு நூலால் பூட்டித் தைக்கும். பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளை பாபின் நூல் தெரியும். துணி சுருங்காமலிருக்க வைத்த தாள்போன்ற பட்டையின் மிச்சம் ஒட்டியிருக்கும். பூத்துக்குளியில் ஒரே நூல்தான் இரண்டு பக்கமும் ஓடுகிறது; பின்பக்கமும் ஓர் ஒழுங்கான கோலம். ஒரு லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவு: கையால் எண்ணித் தைத்த ஊசி இழைக்கும் இழைக்கும் நடுவே இறங்கியிருக்கும், இயந்திர ஊசி இழையைப் பிளந்துகொண்டு இறங்கியிருக்கும்.

எருமைக் கொம்பு வடிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரங்கள் ஞாபகம் வரும். கற்பூர மரமும் சீகையும் மூடிய புல்வெளிகள்தான் தோடர் எருமைகளின் மேய்ச்சல் நிலம். கோயில் கூரைக்கான புல்லும் அந்த நிலத்திலிருந்தே வந்தது. தோடர் குடியிருப்புகளான மந்துகளில் எருமை குறைந்ததற்குக் காரணங்கள் பல; மேய்ச்சல் நிலம் போனது அவற்றில் முக்கியமானது. ஒரு துணிக்கான மரம் இன்னொரு துணியின் உலகத்தைச் சுருக்கியது. ரேயான் துணியில் அச்சடித்த “தோடர் டிசைன்” ஒன்றைக் கடையில் பார்க்க நேர்ந்தால் அந்த இரண்டு வரலாறும் ஒரே துணியில் இருக்கிறது என்று அறிந்து பார்க்க வேண்டும்.

வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு முழுப் பூத்துக்குளி முடிய வாரக்கணக்கில், வேலை அடர்த்தியாக இருந்தால் மாதக்கணக்கில் ஆகும். வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் நடுவேதான் தைக்கிறார்கள். பேரம் பேசும் முன் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை வரிசை ஊசி ஓடியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வடிவமைப்பாளர்கள் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசாமல், வேலை செய்த பரப்புக்கும் அடர்த்திக்கும் கூலி பேசுவதும், மாதிரித் துண்டுக்குத் தனியாகப் பணம் கொடுப்பதும் நியாயம். பைக்கும் மேசை விரிப்புக்கும் இப்போது பூவேலை நூலாகக் கம்பளியும் அக்ரிலிக்கும் புழங்குகின்றன. எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கம்பளி நூல் என்றால் வெந்நீர் ஆகாது. சிவப்பு நூலின் ஓர் ஓரத்தை ஈர வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்து, சாயம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகு தண்ணீரில் போடுங்கள்.